ஆறு நாள் சிவப்புப் பட்டை

போர்ட் பிளேரில் இருந்துகொண்டு, கடலில் நீந்துவதற்காக வெளிநாடு போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் கொல்லன் தெருவிலேயே குடியிருந்துகொண்டு, ஊசி வாங்க டிக்கெட் எடுத்து வேறு ஊருக்குப் போனவர்கள். அதுவும் மே மாதக் கடைசியில், மழை பிடித்த பிறகு.

எங்களுக்கும் தாய்லாந்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கடல். நேர் கோடு போட்டால் சென்னைக்குப் போகிற தூரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரும். ஆனால் நாங்கள் நேராகப் போகவில்லை. மேற்கே சென்னைக்குப் பறந்து, விமான நிலையத்து நாற்காலியில் ஒரு பகல் முழுக்க முதுகு வலிக்க உட்கார்ந்து, மறுபடி அதே கடலைத் தாண்டிக் கிழக்கே பறந்தோம். ஜன்னலோரம் இருந்த என் வீட்டுக்காரர் கீழே எட்டிப் பார்த்து, "டீச்சரம்மா, நம்ம வீடு தெரியுதா பாரு. மாடியில துணி காயப்போட்டுட்டு வந்தியே, மழை வருது, யாராச்சும் எடுத்து வைப்பாங்களா?" என்றார். அவர் கேலி பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் சிரிக்க மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின வருடம், பொங்கல் கழிந்த வாரத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. டாலிகஞ்சில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ஊசி போட்டு, மறுநாள் முதல் விமானத்தில் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது.

எங்கள் தீவில் பெரிய வியாதி என்றால் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குத்தான் போகவேண்டும். அதனால் எல்லார் வீட்டு பீரோவிலும், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில், பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று இருக்கும். முதல் சீட்டிலிருந்து கடைசி ரத்தப் பரிசோதனை வரைக்கும், தேதி வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். பக்கத்துத் தீவு ஹேவ்லாக்குக்குக் கப்பல் ஏறினாலும் சரி, கல்யாணத்துக்கு மதுரைக்குப் போனாலும் சரி, வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி "ஃபைல் எடுத்தாச்சா?" என்பதுதான். மெயின்லேண்டு உறவுக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன, தெருமுனையில் ஆஸ்பத்திரி. சென்னையில் இதய டாக்டர் எங்கள் ஊரில் எடுத்த முதல் ஈ.சி.ஜி.யை என் ஃபைலில் இருந்து உருவிப் பார்த்துவிட்டு, அவரை உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். பேப்பர் கையில் இருந்ததால் நேரம் மிச்சமானது என்று பிறகு சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஃபைல் சாமி மாதிரி. விபூதி பூசாததுதான் பாக்கி.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மூன்று மாதம் போகட்டும், அப்புறம் நடக்கலாம், மாடி ஏறலாம், நீந்தலாம், எல்லாரையும் போல இருக்கலாம் என்றார். அதை நாங்கள் இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சத்தமான மனிதர். ஆபீசில் ஹெட் கிளார்க். அவர் ஃபோன் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லலாம். சாயங்காலம் ஆபீஸ் ஆட்களோடு வாலிபால், ஞாயிற்றுக்கிழமை கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் குளியல் என்று இருந்தவர். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வந்தவர் வேறு ஆள். எங்கள் வீட்டு மேட்டை மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினார். குளியலறைக் கதவைத் தாழ் போடமாட்டார். டி.வி. பார்க்கும்போதுகூட இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார். சிரித்தால்கூட பாதியில் நிறுத்தி, உள்ளே ஏதாவது ஆகிறதா என்று கவனிப்பார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து தினமும், "தாதா, தபியத் கைசா ஹை?" என்று உடம்பை விசாரிப்பார். மளிகைக் கடைத் தெலுங்குக்காரர், இவர் இரண்டு கிலோ ஆட்டா பாக்கெட்டைத் தூக்கினால் பதறிப்போய், "அரே சார், ஆப் மத் உடாவோ" என்று பிடுங்கிக்கொள்வார். இவர்களைச் சொல்லி என்ன? எல்லாரிலும் மோசம் நான்தான். குனியாதீங்க, வெயில்ல நிக்காதீங்க, வேகமா பேசாதீங்க, தனியாப் போகாதீங்க. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்த நாக்கு. வீட்டில் ஒரே ஒரு பிள்ளை கிடைத்தால் விடுமா?

ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த நோயாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு என் புருஷனை யாராவது கொடுத்துவிட வேண்டும். இதைச் சாமியிடம் இதே வார்த்தையில் கேட்டிருக்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் தாய்லாந்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். கடற்கரை ஓரம், உடற்பயிற்சிக்கென்றே நடத்துகிற ரிசார்ட். நீச்சல் குளம், ஓடுகிற பாதை, குத்துச்சண்டை, யோகா. "அப்பா, டிரெய்னர் பக்கத்துலயே நிப்பாங்க. நர்ஸ் இருக்காங்க. நீங்க பயப்படாம ஆரம்பிக்கலாம். ஆறு நாள்தான்" என்றாள். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். "சரி பாப்பா" என்றுவிட்டார். என் பள்ளிக்கூட விடுமுறைக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் அந்தத் தேதி.

அபர்டீன் பஜாரில் போய் கேன்வாஸ் ஷூ வாங்கினார். நீச்சல் உடையும் தொப்பியும் கண்ணாடியும் வாங்கினார். மறுநாள் காலையில் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தேன். தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, லுங்கியோடு, பீரோக் கண்ணாடி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார். சத்தம் காட்டாமல் திரும்பி வந்து சட்னியை அரைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ரிசார்ட்டில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கைகூப்பி, எந்த ஊர் என்று கேட்டாள். அந்தமான் என்றேன். அவள் முகமெல்லாம் மலர்ந்து, "யெஸ் மேடம், அந்தமான்!" என்று வெளியே தெரிந்த கடலைக் காட்டினாள். அவர்களுக்கு அந்தமான் என்பது அந்தக் கடலின் பெயர், அங்கே எல்லாமே அந்தமான்தான். சாப்பாட்டுக் கூடத்துக்கு அந்தமான் என்று பெயர். எங்கள் அறை இருந்த வரிசைக்கும் அந்தமான். "இதுக்குப் பேசாம வீட்லயே இருந்திருக்கலாம் போல" என்று இவர் என் காதில் சொன்னார். விமானத்தில் ஆரம்பித்த கேலி அதுவரை நிற்கவில்லை.

ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார்கள். பெயர், வயது, அப்புறம் உடல்நலம் பற்றி வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். நான் ஐந்து நிமிடத்தில் முடித்தேன். இவர் முழங்கையை வளைத்து மறைத்துக்கொண்டு மெதுவாக எழுதினார். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பார்த்துவிடக்கூடாது என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, தாளைக் கவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போனார்.

அவர் போனதும் நான் கைப்பையில் இருந்து ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அந்தப் பெண் வேண்டாம் மேடம், படிவமே போதும் என்றாள். நான் விடவில்லை. டிஸ்சார்ஜ் தாள், ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட், எக்கோ, மருந்துச் சீட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, கூடுதல் ஜெராக்ஸையும் அவள் கையில் திணித்தேன். கடைசியில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். ஃபைலை மூடி பட்டனை அழுத்தியபோது, கடமையைச் செய்த நிம்மதி. இவர் கைக்குட்டையால் முகம் துடைத்தபடி திரும்பி வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். என் கையில் பச்சைக் காகிதப் பட்டையைச் சுற்றினாள். எல்லாவற்றுக்கும் போகலாம். இவர் கையில் சிவப்பு. நீச்சல் குளம் கூடாது. ஓட்ட இயந்திரம் கூடாது. எடை கூடாது. குத்துச்சண்டையைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்க்கவேண்டாம் என்றாள். சமீபத்தில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதம் இருந்தால் யோசிப்போம் என்றார்கள். மகள் சென்னை டாக்டரிடம் பேசினாள். நேரில் பார்க்காமல் எப்படி எழுதுவது என்று அவர் கேட்டது நியாயம்தான்.

இவர் மணிக்கட்டில் இருந்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்ல. நீ போ. நான் உக்காந்து வேடிக்கை பாக்குறேன்" என்றார்.

ஆக, இதய நோயாளிக்காகப் போன பயணத்தில், முட்டிவலிக்காரி நான் குத்துச்சண்டை கற்றுக்கொண்டேன். கட்டணத்தைக் கட்டிவிட்டு வீணாக்க மனசு வருமா? சல்வார் கமீஸும் ஷூவுமாக, கையில் பஞ்சு உறை மாட்டிக்கொண்டு, தொங்குகிற மூட்டையைக் குத்தினேன். என் வயதிருக்கும் டிரெய்னர் அம்மா, "மாமா ஸ்ட்ராங்! மாமா ஸ்ட்ராங்!" என்று கத்தினார். அவர்கள் ஊரில் மாமா என்றால் அம்மாவாம். ஏதோ குளிர் தேசத்தில் இருந்து வந்த வெள்ளைக்காரப் பெண் யோகா நடத்தினாள். சூரிய நமஸ்காரத்தில் என் முழங்கை சரியில்லை என்று திருத்தினாள். இவர் சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது முதல் நாள்.

இடமும் படத்தில் பார்த்த இடமாக இல்லை. நீலமாகத் தெரிந்த குளத்தில் பாதியைக் காயவைத்து, டைல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாய்கள் ஈரத்தில் புளித்த வாடை அடித்தன. ஐந்து ஓட்ட இயந்திரத்தில் மூன்றின்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. சாப்பாடு, உப்பில்லாமல் அவித்த கோழியும் இலைதழையும். நான் கொண்டுபோன பருப்புப்பொடியைக் கைக்குட்டைக்குள் மறைத்து எடுத்துப் போய்த் தூவிக்கொண்டோம்.

கடலோ, இறங்கக்கூடாது என்ற சிவப்புக் கொடி. ஆறு நாளும் கரையில் அந்தக் கொடி படபடத்தது. இதில் யாரைக் குறை சொல்வது? மழை பிடித்துவிட்டால் எங்கள் பிள்ளைகளைக் கடலில் கால் நனைக்கக்கூட விடமாட்டோம். கப்பல் ரத்தாகும், காய்கறிக்குத் தட்டுப்பாடு வரும், அதற்கு முன்னால் வெங்காயம் வாங்கி வைப்போம். இவ்வளவும் தெரிந்தவர்கள், அதே கடல் எதிர்க்கரையில் மட்டும் சாதுவாக இருக்கும் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தோம்? வெளிநாட்டில் மழைகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் வரும் என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

இரண்டாம் நாளும் வேடிக்கை பார்க்க வந்தார். சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், நீ போ, எனக்குத் தூக்கம் வருகிறது என்று அறையிலேயே இருந்துவிட்டார். மதியம் நான் வந்தபோது தூங்கவில்லை. வராந்தாவில், மழைச் சாரல் படாத மூலையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் சிவப்புப் பட்டைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் எந்த நாற்காலியில் விட்டுவிட்டு வந்தோமோ, அதே நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

நாலாம் நாள் காலையில் வரவேற்பு மேஜைக்குப் போனேன். எங்கள் பள்ளியில் என்னைப் பெரிய டீச்சர் என்று சும்மா சொல்வதில்லை. என் ஆங்கிலத்துக்குக் கோபம் வந்தால்தான் இலக்கணம் சரியாக வரும். மேலாளர் அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். என் கணவர் நேர்மையானவர், உங்கள் தாளில் எதையும் மறைக்காமல் எழுதினார், உண்மை எழுதியவனை மூலையில் உட்கார வைத்தீர்கள், பொய் எழுதியிருந்தால் இந்நேரம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பார், இதுதான் உங்கள் நியாயமா என்று கேட்டேன். டைல் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு அட்டையைத் திறந்து, இரண்டு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். உங்கள் கணவர் எதையும் எழுதவில்லை மேடம் என்றார்.

அவருடைய கையெழுத்துதான். ஆபீஸ் கோப்பில் எழுதுகிற அதே குண்டு எழுத்து. இதய நோய் உண்டா? இல்லை. அறுவை அல்லது சிகிச்சை நடந்ததா? இல்லை. நெஞ்சு வலி? இல்லை. தினசரி மருந்து? இல்லை. பதினைந்து கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவை அழுத்திக் குறி போட்டிருந்தார். சில இடத்தில் தாளே பள்ளமாகியிருந்தது. கீழே, எதுவும் தெரியாத அப்பாவி மாதிரி, முழுக் கையெழுத்து. இந்தத் தாளுக்குப் பின்னால் பின் அடித்து, என்னுடைய ஜெராக்ஸ்கள்.

முப்பது வருட சர்வீசில் ஒரு பொய்த் தாளில் கையெழுத்துப் போடாதவர் அவர். அவர் இதைச் செய்திருக்கிறார் என்றால் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! அந்த ஆசையைத்தான், அவர் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், நான் ஃபைல் போட்டு மூடியிருக்கிறேன்.

வேறு எப்படியாவது முடியுமா என்று கேட்டேன். நான் கையெழுத்துப் போடுகிறேன், எது நடந்தாலும் என் பொறுப்பு என்றேன். தெரியாமல் இருந்தால் வேறு விஷயம், தெரிந்த பிறகு எங்களால் விடமுடியாது என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதும் சரிதான். குரலில் இரக்கம் இருந்தது. அது வேறு எனக்குக் கூடுதலாக வலித்தது.

அன்றைக்குக் குத்துச்சண்டைக்குப் போகவில்லை. வராந்தாவில் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மழை ஓய்ந்து, கடல் சேற்று நிறத்தில் கிடந்தது.

"என்ன டீச்சரம்மா, மூட்டைய குத்தலையா?"

"ஏங்க, ஃபைல நான்தாங்க குடுத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"டாய்லெட்ல இருந்து வரும்போதே பாத்தேன். நீ பட்டன் அழுத்திக்கிட்டு இருந்த."

"அப்பவே ஏன் சொல்லல? நாலு நாளா ஒரு வார்த்த கேக்கலியே நீங்க."

"என்னன்னு கேக்குறது? பொய் எழுதினது நானு. ஃபைல் குடுத்தது நீ. யாரு யாரத் திட்டுறது?" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "சும்மா எழுதிப் பாத்தேன். இல்லன்னு எழுதினா எப்படி இருக்குன்னு. நல்லா இருந்துச்சு. பதினஞ்சு தடவ எழுதினேன், ஒவ்வொண்ணும் நல்லா இருந்துச்சு" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிவப்புப் பட்டை வியர்வையில் ஊறி நைந்திருந்தது.

"உன்மேல கோவம் இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்கு நெஞ்சுல என்னமாச்சும் செஞ்சா முதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்குறேன். நீ பயந்தா நான் பயந்துடுறேன். நாடி பாக்குறது அப்புறந்தான்."

ஆஸ்பத்திரி வாசலில்கூட நான் அழவில்லை. அன்றைக்கு அழுதேன். இவ்வளவு காலமாக யாரைத் திருப்பிக் கொடு என்று சாமியிடம் கேட்டேனோ, அவரை வாசலில் வழிமறித்துக்கொண்டு நின்றவள் நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று இல்லாமல் போய்விட்டது.

மீதி இரண்டு நாளும் மழை. வராந்தாவில் உட்கார்ந்து பருப்புப்பொடி தொட்டு வாழைப்பழம் சாப்பிட்டோம். அது நன்றாக இருக்காது, ஆனால் வேறு வழியில்லை. கிளம்பும் நாளில் நர்ஸ் இவர் பட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டாள். மகளிடம், இடம் ரொம்ப நன்றாக இருந்தது என்று இரண்டு பேரும் வாய் கூசாமல் சொன்னோம். அவள் ஆசையாகச் செய்தது, அந்தப் பொய்யில் குற்றமில்லை.

ஊருக்கு வந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை கொஞ்சம் வெறித்திருந்தது. நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். இவர் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றார். "ஒரு ரவுண்டு நடந்துட்டு வரேன்" என்றார்.

நானும் வரேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வழுக்கும், தனியா வேண்டாம், குடை எடுத்துக்குங்க, மாத்திரை போட்டாச்சா, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை மாவுப் பாத்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன். "சரி, போயிட்டு வாங்க" என்றேன். இவ்வளவு கஷ்டமான வாக்கியத்தை நான் என் ஆயுளில் சொன்னதில்லை.

அரை மணி நேரம் போனது. ஒரு மணி ஆனது. பெங்காலி அம்மா வேலியில் வந்து, "தாதா கஹான் கயே?" என்று, இவர் எங்கே போனார் எனக் கேட்டார். கூம்னே, நடக்கப் போயிருக்கிறார் என்றேன். "அகேலே?" தனியாகவா என்று கண்ணை விரித்தார். ஆமாம், அகேலே என்று, தினமும் நடக்கிற விஷயம் போலச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மழை மறுபடி பிடித்தது. ஃபோனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்து அவர் பெயர் வரைக்கும் போனேன். ஃபோன் அடித்தால் அவர் காதில் விழப்போவது என் பயம்தான். அவர் எங்கே நின்றுகொண்டிருக்கிறாரோ, அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஃபோனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். ஒன்றும் ஆகியிருக்காது, ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லிக்கொண்டே ஊற்றிய தோசை நாலும் கருகின.

இரண்டரை மணி நேரம் கழித்து வாசலில் சத்தம் கேட்டது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஷூ முழுக்கச் சேறு. கையில் ஒரு பை நிறையக் கீரையும் பாகற்காயும்.

"எங்கங்க போனீங்க?"

"சிப்பிகாட். போகும்போது நடந்தே போயிட்டேன். வரும்போது பஸ்."

"சிப்பிகாட்டா!" என்று கத்தப்போனவள், வாயை மூடிக்கொண்டேன். நாங்களெல்லாம் பஸ்ஸில் போகிற தூரம் அது.

படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். "ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி, சுனாமிக்கப்புறம் தண்ணி நிக்குதுல்ல ரெண்டு பக்கமும், அங்க போனதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். சரி, இனிமே பஸ்தான், நடை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஃபோன எடுத்துக் கையில வெச்சுக்கிட்டேன்."

"எனக்குப் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணல. நீ பண்ணுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இவ்வளவு நேரத்துக்கு நீ சும்மா இருக்கமாட்டியே." நாடாவில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வரல. அப்பறம் படபடப்பும் கொறஞ்சுது. இவளே ஃபோன் பண்ணலன்னா நமக்கு ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்னு எந்திரிச்சு நடந்தேன்."

நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டுக் கீரையைக் கழுவினேன். ஒரு கட்டுக் கீரையைக் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. வாசலில் அவர் பெங்காலி அம்மாவிடம், சிப்பிகாட் வரைக்கும் பைதல், பைதல், நடந்தே போனேன் என்று, எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.